வேலூர்ப் பக்கத்துப் புல்தரையில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆரணி பக்கத்து வீடுகளில் புல்தரை கெட்டுப்போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை போர் தண்ணீர், இறுகிப்போன செம்மண், வெளியிலிருந்து வாங்கிக் கொட்டிய எருவும் வண்டலும். மேலே தெரிவது மஞ்சளோ, கருகலோ, களையோ, எதுவானாலும் காரணம் பெரும்பாலும் நாலு அங்குலம் கீழே இருக்கிறது. தோண்டிப் பார்க்காமல் பஞ்சகவ்யமோ வேப்பெண்ணெயோ ஊற்றுவது வயிற்றுவலிக்காரனுக்குக் கண்ணில் மருந்து விடுகிற மாதிரி.

கீழே உள்ள அளவெல்லாம் ஒரு சென்ட்டுக்கு, அதாவது சுமார் 435 சதுர அடிக்கு. அருகம்புல், கொரியன் புல், பஃபலோ புல் மூன்றுக்கும் பொருந்தும். வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

எதற்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனை

ஒரு நீளமான திருப்புளி, ஒரு களைக்கொட்டு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும், ஆர்.ஓ. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர். இவை போதும்.

தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் காலை திருப்புளியைப் புல்தரையில் கையால் அழுத்துங்கள். ஆறு அங்குலம் இறங்கினால் மண் சரி. இரண்டு அங்குலத்தில் முட்டி நின்றால் மண் இறுகியிருக்கிறது, அல்லது தண்ணீர் அதற்குக் கீழே போகவே இல்லை.

அடுத்து, கெட்டுப்போன திட்டின் ஓரத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாக, நாலு அங்குல ஆழத்துக்கு வெட்டிப் புரட்டுங்கள். நடுவில் வெட்டாதீர்கள். பூச்சியும் பூசணமும் தின்று முடித்த இடத்தை விட்டு நகர்ந்திருக்கும். நல்ல புல்லும் செத்த புல்லும் சேரும் விளிம்பில்தான் அகப்படும்.

கோடையில் திட்டுத் திட்டாகக் காய்கிறது

காய்ந்த புல்லைக் கைநிறையப் பிடித்து இழுங்கள். இந்த ஒரு இழுப்பிலேயே பாதி விடை தெரிந்துவிடும்.

*அழுத்தமாகப் பிடித்துக்கொண்டு வர மறுத்தால்* வேர் உயிரோடு இருக்கிறது, தண்ணீர்தான் பற்றவில்லை. அருகம்புல் தண்டு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக ஈரமாக இருந்தால் அது சாகவில்லை, உறங்குகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை வாரத்துக்கு ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை தண்ணீர் வேண்டும். ஒரு சென்ட்டுக்கு ஓர் அங்குலம் என்பது சுமார் ஆயிரம் லிட்டர். மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்று முழுசாக. தினமும் பத்து நிமிடம் பைப்பைப் பிடித்து நனைப்பது பெரும்பாலும் இந்த அளவை எட்டாது. அதோடு வேர் மேலாகவே நின்றுவிடும், ஒரு நாள் மின்சாரம் போனால் மறுநாளே வாடும்.

வாரம் இரண்டு அல்லது மூன்று முறையாகப் பிரித்து, விடியற்காலை ஐந்திலிருந்து ஏழுக்குள் பாய்ச்சுங்கள். ஸ்பிரிங்க்ளர் வைத்திருந்தால் நேரான பக்கம் கொண்ட ஐந்து எவர்சில்வர் டம்ளர்களைப் புல்லில் அங்கங்கே வைத்து இருபது நிமிடம் ஓடவிட்டு, ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். ஒரு டம்ளரில் அரை அங்குலமும் இன்னொன்றில் கால் அங்குலமும் இருந்தால், காய்கிற திட்டு எங்கே வரும் என்று அதுவே காட்டிவிடும். செம்மண் மேலே ஏடு கட்டி, தண்ணீர் இறங்காமல் வழிந்து ஓடினால் பத்து நிமிடம் விட்டு, அரைமணி நிறுத்தி, மறுபடி பத்து நிமிடம் விடுங்கள்.

*பாய் சுருட்டுவது போல மொத்தமாகக் கையோடு வந்தால்* வேர்ப்புழு. ஆங்கில சி எழுத்துப் போலச் சுருண்ட, வெள்ளை உடலும் பழுப்புத் தலையும் கொண்ட புழுக்கள் ஓர் அடிச் சதுரத்தில் ஐந்துக்கு மேல் இருந்தால் வைத்தியம் தேவை. இரண்டு மூன்று இருந்தால் விட்டுவிடுங்கள், மைனாவும் கொக்கும் பார்த்துக்கொள்ளும். புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூசணத் தூள் 50 கிராமை ஐந்து கிலோ மக்கிய எருவில் கலந்து, ஈரம் தெளித்து நிழலில் ஒரு வாரம் மூடி வைத்து, சாயங்காலம் தூவித் தண்ணீர் விடுங்கள். வெயிலில் தூவினால் பூசணம் செத்துவிடும். கூடவே வேப்பம் புண்ணாக்குத் தூள் நாலு கிலோ. மே, ஜூனில் முதல் மழை பெய்த இரவுகளில் இதன் தாய் வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பி வேப்ப மரத்துக்கும் முருங்கைக்கும் போகும். அந்த நாலைந்து இரவுகளில் எட்டு மணி வாக்கில் கிளையை உலுக்கி, விழுகிற வண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் போட்டால் அந்த வருடத்துப் புழுவில் பெரும்பகுதி அப்போதே தீர்ந்தது.

*காய்ந்த புல்லின் மேல் மண் பூசினது போல இருந்தால்* கரையான். பெரும்பாலும் அது செத்த புல்லைத்தான் தின்ன வருகிறது. மக்காத சாணி எருவும் காய்ந்து கிடக்கிற மண்ணும்தான் அதைக் கூப்பிடுகின்றன. மண்பூச்சைத் தட்டிவிட்டு, நன்றாக நனைத்து, வேப்பம் புண்ணாக்கு போடுங்கள்.

*விரல் தடிமனில் மண் புடைத்து வளைவளைவாக ஓடினால்* பிள்ளைப்பூச்சி. பத்து லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு 30 மில்லி கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றினால் சில நிமிடத்தில் மேலே வரும். பொறுக்கி எடுக்கலாம்.

சின்ன வட்டம் காய்ந்து, சுற்றிலும் மட்டும் கரும்பச்சையாகச் செழித்திருந்தால் அது நாய் மூத்திரம். அந்த இடத்தில் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் போதும்.

நுனி கருகுகிறது, மண்மேல் வெள்ளை படிகிறது

இந்த வட்டாரத்தில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் கோளாறு இதுதான். தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து அதே போர் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலிருந்த உப்பு மேலேயே தங்கிவிடும். பாலாற்றுப் படுகையை ஒட்டிய ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பானது. அங்கே இருப்பவர்கள் புல் நடுவதற்கு முன்னாலேயே தண்ணீரைப் பரிசோதித்துவிடுவது நல்லது.

மீட்டர் காட்டும் டிடிஎஸ் ஆயிரத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரை அருகம்புல்லும் கொரியன் புல்லும் தாங்கும், மண்ணில் வடிகால் நன்றாக இருந்தால். இரண்டாயிரத்துக்கு மேல் போனால் மழைநீரைச் சேர்த்துக் கலந்து விடாமல் புல்தரையைக் காப்பாற்றுவது கடினம். ஆர்.ஓ. மிஷினின் கழிவுத் தண்ணீரைப் புல்லுக்குத் திருப்பிவிட்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். வடிகட்டி எடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. தரை கழுவ அது போதும், புல்லுக்கு ஆகாது.

உவரா (கரையும் உப்பு மிகுந்த மண்) களரா (சோடியம் மிகுந்து இறுகும் மண்) என்று பார்த்த பிறகே வைத்தியம். ஒரு கண்ணாடி டம்ளரில் மழைநீர் அல்லது ஆர்.ஓ. குடிநீர் எடுத்து, நெல்லிக்காய் அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாகப் போட்டு, ஆட்டாமல் ஒரு மணிநேரம் விடுங்கள். கட்டி கரைந்து சரிந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் களர் இல்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரிக் கலங்கல் பரவினால் களர். போர் தண்ணீரில் இந்தச் சோதனை செய்யாதீர்கள். அதிலுள்ள உப்பே கலங்கலை அமுக்கிவிடும், களர் இல்லை என்று பொய்யான விடை கிடைக்கும்.

உவருக்கு மருந்து தண்ணீர் மட்டும்தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஒரே நாளில் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்குங்கள். அதற்கு முந்தின நாள் நாலு பல் ஃபோர்க்கை நாலு அங்குல இடைவெளியில் நாலு அங்குல ஆழம் குத்தி எடுத்துவிட்டால் தண்ணீர் இறங்கும் வழி கிடைக்கும். களருக்கு ஜிப்சம் சென்ட்டுக்கு எட்டிலிருந்து ஒன்பது கிலோ தூவி, அதேபோலக் குத்திவிட்டு, நிறையத் தண்ணீர் விட வேண்டும். ஐப்பசி மழைக்குச் சற்று முன்னால் போட்டால் மழையே வேலையை முடித்துக்கொடுக்கும். ஜிப்சம் பூமியிலிருந்து எடுக்கிற கனிமம், இயற்கை வழியில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மஞ்சளாக இருக்கிறது, ஆனால் வளர்கிறது

எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். அடியிலுள்ள பழைய இலை முழுசாக மஞ்சளானால் தழைச்சத்துப் பற்றாக்குறை. நுனியிலுள்ள இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்து.

தழைச்சத்துக்கு இந்த ஊரில் கடலைப் புண்ணாக்கைவிடச் சுலபமான வழி இல்லை, செக்குக்குப் போனால் கிடைக்கும். இரண்டரை கிலோவை 25 லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தினமும் கலக்கிவிட்டு, தெளிவைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். சக்கையை மக்குக் குழியில் போட்டுவிடலாம். அப்படியே தூளாகத் தூவினால் எறும்பும் எலியும் பங்குக்கு வரும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நிறுத்திவையுங்கள், காரணம் கீழே வருகிறது.

இரும்புச்சத்து மண்ணில் இல்லாததால் வரும் கோளாறு அல்ல. சுண்ணாம்பு கலந்த கடினத் தண்ணீர் மண்ணைக் காரமாக்கி, இருக்கிற இரும்பை வேர் எடுக்கவிடாமல் கட்டிவிடுகிறது. அன்னபேதி உப்பு (இரும்பு சல்ஃபேட்) 50 கிராம், நாலு எலுமிச்சம்பழச் சாறு, பத்து லிட்டர் நல்ல தண்ணீர். கலந்தவுடன், சாயங்காலமாக, இலையில் படும்படி தெளியுங்கள். நாலைந்து நாளில் பச்சை திரும்பும். சிமெண்ட் தரையிலும் டைல்ஸிலும் பட்டால் துருக்கறை போகவே போகாது, ஓரங்களில் கோணியை விரித்துக்கொள்ளுங்கள். நிரந்தரத் தீர்வு என்றால் வருடம் இரண்டு முறை சலித்த மண்புழு உரம் இருபது கிலோ தூவுவதுதான்.

கோரை

முதலில் அது கோரைதானா என்று உறுதிசெய்யுங்கள். தண்டை விரலிடுக்கில் உருட்டினால் உருளாது, மூன்று விளிம்பு தட்டும். புல்லுக்குத் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும். வெட்டிய மூன்றே நாளில் மற்ற புல்லுக்கு மேலே வெளிர்ப்பச்சையாகக் குத்திட்டு நிற்பது கோரை.

ஈரமண்ணில் ஒரு செடியை மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். கம்பி மாதிரி மெல்லிய வேர்த்தண்டில் மணி கோத்தது போலக் கருத்த கிழங்குகள் தொங்கும். கிள்ளினால் வெள்ளைச் சதை, வாசனை. கையால் பிடுங்கினால் இலை மட்டும் வரும், கோர்வை அறுந்துவிடும். அதுவரை தாய்ச்செடி அடக்கி வைத்திருந்த கிழங்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும். ஒன்றைப் பிடுங்கினால் மூன்று வருகிறது என்று எல்லோரும் புலம்புவதற்குக் காரணம் இதுவே.

இரண்டு வழி உண்டு. ஏழெட்டுச் செடிதான் என்றால் முந்தின நாள் நனைத்துவிட்டு, குறுகலான களைக்கொட்டால் ஆறிலிருந்து எட்டு அங்குலம் ஆழம் இறக்கி, கோர்வையோடு எடுங்கள். நிறையக் கிழங்கு மேல் ஆறு அங்குலத்தில்தான் இருக்கும். தரை முழுக்கப் பரவியிருந்தால் தோண்டுவது புல்லையும் சேர்த்துக் கெடுக்கும். அப்போது பட்டினி போடுங்கள்: பத்திலிருந்து பதினாலு நாளுக்கு ஒருமுறை, நாலு இலை விடுவதற்குள், மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அறுத்துவிட வேண்டும். முளைத்து மூன்று நாலு வாரம் விட்டுவிட்டால் புதுக் கிழங்கு வைத்துவிடும், அதுவரை செய்ததெல்லாம் வீண். ஒரு முழு வருடம் தவறாமல் செய்தால் அடர்த்தி குறையும், இரண்டாவது வருடத்தில் கைக்கு அடங்கும். கூடவே புல்லின் உயரத்தை ஒன்றரை அங்குலத்துக்குக் கீழே போகவிடாதீர்கள். கோரை நிழலுக்குப் பயப்படும். எடுத்த கிழங்கை மக்குக் குழியில் போடாமல் மொட்டைமாடியில் இரண்டு வாரம் சித்திரை வெயிலில் காயவைத்து எரித்துவிடுங்கள்.

எங்கிருந்து வந்தது? ஏரி வண்டல், வெளியில் வாங்கிய செம்மண், எருக்குழி ஓரத்து மண்ணோடு வாரிய சாணி எரு. இனி ஒரு லோடு வாங்கினால், அதில் அங்கங்கே எடுத்து ஒரு பக்கெட் நிரப்பி, ஈரமாக்கி, வெயில் படும் இடத்தில் மூன்று வாரம் வையுங்கள். ஒரு கோரை முளைத்தாலும் அந்த லோடு புல்தரைக்கு வேண்டாம். தென்னங்கன்றுக் குழிக்குப் போகட்டும்.

நெருஞ்சியும் மற்ற களைகளும்

நெருஞ்சி மிதிபட்டு இறுகிய, புல் இல்லாத சொட்டை இடத்தில்தான் படரும். ஆணிவேர் ஒன்றே ஒன்று என்பதால் நடுமையத்தில் களைக்கொட்டை இறக்கி வேரை அறுத்தால் முழுச்செடியும் தட்டு மாதிரிக் கையில் வரும். மஞ்சள் பூ தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். முள் விழுந்த பிறகென்றால், நனைத்த பழைய கோணியை அந்த இடத்தில் இழுத்தால் முள் அதில் குத்திக்கொண்டு வரும். கோணியோடு எரித்துவிடலாம். விதை மண்ணில் பல வருடம் உயிரோடு இருக்கும். ஆகவே அந்தச் சொட்டையைக் குத்திக் கிளறி, மக்கு போட்டு, அருகம்புல் துணுக்குகளை அரையடிக்கு ஒன்றாக நட்டு மூடாவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி வரும்.

அம்மான் பச்சரிசி தரையோடு ஒட்டிப் படர்ந்தால் புல்லை மிகக் குட்டையாக வெட்டுகிறீர்கள் என்று அர்த்தம். சாரணையும் மூக்கிரட்டையும் மழைக்குப் பின் வரும், பூக்கும் முன் பிடுங்கினால் போதும், மூக்கிரட்டைக்கு மட்டும் தடித்த வேரைத் தோண்ட வேண்டும். புளியாரை நர்சரித் தொட்டி மண்ணோடு வருவது. அதன் காய் தொட்டாலே வெடித்து விதை தெறிக்கும் என்பதால் காலையில் ஈரத்தோடு எடுங்கள். பார்த்தீனியத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சிலருக்குத் தோல் வெந்ததுபோல அரிப்பெடுக்கும்.

கொரியன் புல்லுக்குள் அருகம்புல் நுழைந்தால் அதுவும் களைதான், அதுவே மிகப் பிடிவாதமானது. ஓரத்தில் ஆறு அங்குல ஆழத்துக்குத் தகடோ ஓடோ செங்குத்தாகப் பதித்துத் தடுப்பது, உள்ளே வந்துவிட்டதைக் கொடி கொடியாக இழுத்து எடுப்பது தவிர வேறு வழி இல்லை.

வினிகர், உப்பு, சோப்பு கலந்த களைக்கொல்லி செல்போனில் தினம் ஒருவர் அனுப்புவார். உப்பைப் புல்தரையில் போடவே கூடாது. ஏற்கெனவே போர் தண்ணீரில் வந்து சேர்ந்த உப்பை வெளியேற்றப் பாடுபடுகிற மண் இது. வினிகர் தனியாகத் தெளித்தால் இலை கருகும், கிழங்கும் ஆணிவேரும் மறுபடி துளிர்க்கும். பக்கத்துப் புல்லும் சேர்ந்து கருகும். நடைபாதைக் கல்லிடுக்குகளுக்குக் கொதிக்கிற வெந்நீர் ஊற்றுங்கள், அது போதும்.

மழைக்காலத்தில் வட்ட வட்டமாக அழுகுகிறது

ஐப்பசி, கார்த்திகையில் ஓர் அடி முதல் மூன்றடி வரை வட்டம், ஓரத்தில் நனைந்தது போலக் கருத்த வளையம், விடியற்காலையில் நூலாம்படை போல வெண்ணூல். இலையை இழுத்தால் அடியில் அழுகி உருவிக்கொண்டு வரும். பூசணம். சாயங்காலம் தண்ணீர் விடுவதும் மழைக்கு முன்னால் புண்ணாக்குக் கரைசலை அதிகம் ஊற்றுவதும் இதற்கு விருந்து வைப்பதுதான். உடனே உரத்தை நிறுத்துங்கள், ஈரத்தில் புல் வெட்டாதீர்கள், தண்ணீர் தேங்கும் பள்ளத்திலிருந்து வாய்க்கால் எடுத்துவிடுங்கள். ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணம் 50 கிராமை, மெட்டாரைசியத்துக்குச் சொன்னது போல ஐந்து கிலோ மக்கிய எருவில் பெருகவிட்டுத் தூவுங்கள். பத்து லிட்டருக்கு 50 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) கலந்து பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளியுங்கள். புளித்த மோர் ஒரு லிட்டரைப் பத்து லிட்டரில் கலந்து தெளிப்பது ஆரம்ப நிலையில் உதவும், வட்டம் பெரிதான பிறகு போதாது. இந்த உயிர்ப் பொருட்கள் புதிதாக இருக்க வேண்டும், கடையில் தயாரிப்புத் தேதி பார்த்து வாங்குங்கள். எங்கே கிடைக்கும் என்று தெரியாவிட்டால் விரிஞ்சிபுரத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

மார்கழிப் பனியில் வெள்ளைத் துணியால் புல்லைத் துடைத்தால் காவிப் பொடி ஒட்டினால் அது துரு நோய். பசியில் இருக்கும் புல்லுக்கும் நிழல் புல்லுக்கும் வரும். வாரம் ஒருமுறை வெட்டி, வெட்டியதை வாரி எடுத்துவிட்டு, மண்புழு உரம் ஐந்து கிலோ கொடுத்தால் தைக்குள் தேறிவிடும்.

மெத்தை போல அமுங்குகிறது, வெட்டினால் வைக்கோல் தெரிகிறது

கொரியன் புல்லை வெட்டாமலே விடலாம் என்று சொல்லி விற்பதால் வரும் வினை. அடியில் செத்த தண்டும் வேரும் அரை அங்குலத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஒரே நாளில் குட்டையாக வெட்டினால் முழுக்கச் செத்துப்போகும். ஒரு வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், ஆடி, ஆவணியில் படிப்படியாக இறக்குங்கள். இரும்பு வாரியால் அழுத்தி வாரி, ஜீவாமிர்தம் (சாணி, கோமியம், வெல்லம் புளிக்கவைத்த கரைசல்) இருபது லிட்டரை இருநூறு லிட்டர் தண்ணீரில் கலந்து பாய்ச்சி, மேலே கால் அங்குலத்துக்கும் குறைவாகச் சலித்த மக்கு தூவுங்கள். சென்ட்டுக்கு இருபது லிட்டர் பக்கெட்டில் பத்துப் பக்கெட் ஆகும். எம்-சாண்ட் கலக்க வேண்டாம், அதிலுள்ள கல்தூள் செம்மண்ணோடு சேர்ந்து சிமெண்டாக இறுகும். தென்னைநார்க் கழிவு சேர்ப்பதானால் மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், அதிலும் உப்பு உண்டு.

எதற்கும் தேறவில்லை

மாமரம், புங்க மரத்தடி என்றால் சண்டை போடாதீர்கள். ஆறு மணிநேர வெயில் இல்லாத இடத்தில் அருகம்புல் நிற்காது. அரை நிழலுக்குப் பஃபலோ புல்லை நட்டு இரண்டரை அங்குலத்துக்குக் குறையாமல் வளர்க்கலாம், முழு நிழலுக்குச் சருகு மூடாக்கு.

தரையில் பாதிக்கு மேல் களை என்றால் திரும்பப் போடுவதே மிச்சம். மார்ச் கடைசியில் மண்ணை எட்டு அங்குலம் கொத்தி இரண்டு வாரம் வெயிலில் காயவிட்டு, மேலே வந்த கோரைக் கிழங்கைப் பொறுக்குங்கள். பிறகு நன்றாக நனைத்து, 100 கேஜ் கண்ணாடி பாலித்தீன் விரித்து, ஓரத்தில் மண் அணைத்து ஆறு வாரம் மூடுங்கள். கறுப்பு ஷீட் வேண்டாம், கண்ணாடி ஷீட்தான் மண்ணைச் சுடவைக்கும். விதைக் களைகள் வெந்துபோகும். கோரை ஷீட்டைக் குத்திக்கொண்டு வரும், வந்த இடத்தைக் குறித்துவைத்து அங்கே மட்டும் ஆழமாகத் தோண்டுங்கள். ஷீட்டை எடுத்த பிறகு மண்ணைக் கிளறாமல், ஆடி மழையோடு மேலாகவே புல் துணுக்கு நடுங்கள். ஆழத்திலிருக்கும் விதைகளுக்குச் சூடு எட்டியிருக்காது, கிளறினால் அவை மேலே வந்துவிடும்.